ஆயிரம் தோட்டா வாங்கிப் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். போன வருடம் ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கினேன். மாதம் ஒருமுறை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போவேன். போனால் 100 தோட்டா தீரும். 2020-ல் கடைகளில் தோட்டாவே கிடைக்கவில்லை என்று சொல்லி, மொத்தமாக வாங்கிப் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எந்த பிராண்ட், எவ்வளவு? அதிகம் செலவழிக்க மனமில்லை.

பதில்: மாதம் 100 என்றால் 1000 தோட்டா உள்ள ஒரு பெட்டி உங்களுக்குப் பத்து மாதம் வரும். அரிசி மூட்டை வாங்குவது மாதிரிதான். ஒரு மூட்டை வீட்டில் இருக்கட்டும், பாதி தீர்ந்ததும் அடுத்ததை விலை பார்த்து வாங்குங்கள். அறை நிறைய அடுக்கி வைப்பவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். 2020-21-ல் பதறியடித்து இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்தவர்கள், பின்னால் விலை இறங்கியதும் நொந்துகொண்டார்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் 1000 வாங்காதீர்கள். நான் வாங்கிக் கெட்டேன். தள்ளுபடியில் சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு முழுப் பெட்டி வாங்கினேன். என் பிஸ்டலில் இரண்டு மேகஸினுக்கு (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) ஒரு தடவை சிக்கிக்கொண்டது. அதே தோட்டா நண்பரின் பிஸ்டலில் வெண்ணெய் மாதிரி ஓடியது! தோட்டா கெட்டதில்லை, என் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதைத் தீர்க்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஆகவே முதலில் மூன்று பிராண்டில் 50 உள்ள சின்னப் பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எது சிக்காமல் ஓடுகிறதோ, அதில் விலை குறைந்ததை மொத்தமாக வாங்கலாம்.

பயிற்சிக்குப் பித்தளை உறை போட்ட, புதிதாகத் தொழிற்சாலையில் செய்த, 115 அல்லது 124 கிரெய்ன் எஃப்எம்ஜே போதும். கிரெய்ன் என்பது குண்டின் எடை. 115 கிரெய்ன் ஏறக்குறைய ஏழரை கிராம். எஃப்எம்ஜே என்றால் ஈயக் குண்டுக்கு மேல் செம்புக் கலவை போர்த்தியது. ஃபெடரல் அமெரிக்கன் ஈகிள், பிளேசர் பிராஸ், மேக்டெக், செல்லியர் அண்ட் பெல்லோ, ஃபியோக்கி, பிஎம்சி என எதுவும் தேறும். பிராண்டுக்காகச் சண்டை போடுபவர்களுக்கு ஒரு செய்தி: ஃபெடரலும் பிளேசரும் ஒரே குடும்பம். 2024-ல் அந்தக் குடும்பத்தை வாங்கிய செக் நாட்டு சிஎஸ்ஜி குழுமத்திடம்தான் இத்தாலியின் ஃபியோக்கியும் இருக்கிறது. 1825-ல் பிராகில் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லோவுக்கும் பிரேசிலின் மேக்டெக்குக்கும் 2024 வரை முதலாளி ஒருவரே.

எஃகு உறை போட்டது இன்னும் மலிவு. ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் ரேஞ்சில் கேளுங்கள். பல உள்ளரங்க ரேஞ்சுகளில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே விடமாட்டார்கள். மலிவு எஃகுத் தோட்டா பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021-ல் அமெரிக்க அரசு புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்திய பிறகு அந்த மலிவும் பழைய கதையாகிவிட்டது. பழைய உறையில் மறுபடி மருந்து நிரப்பி விற்கும் தோட்டாக்களை, செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், நான் தொடுவதில்லை.

விலையைத் தோட்டா ஒன்றுக்கு எத்தனை சென்ட் என்று கணக்கிடுங்கள். கடையில் 50 தோட்டா 13 டாலர் என்றால் ஒன்று 26 சென்ட். இணையத்தில் 1000 தோட்டா 240 டாலர், அனுப்பும் செலவு 20 டாலர் என்றால் அதுவும் 26 சென்ட்தான். பெட்டி 12 கிலோ கனம், அனுப்பும் செலவு இல்லாமல் வராது. வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஹாலோ பாயிண்ட் (குண்டின் நுனியில் குழி உள்ளது) வைத்துக்கொள்வதானால் ஒன்றிரண்டு பெட்டி போதும். அதையும் ஒரு மேகஸினாவது சுட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அப்புறம், எங்கே வைப்பது? டெக்சாஸ் வெயிலில் கராஜும் பரணும் ஆகாது. ஏசி ஓடும் அறையின் அலமாரியில், ரப்பர் விளிம்பு வைத்த இரும்புப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன், பூட்டி வையுங்கள். பெட்டிமேல் வாங்கிய தேதியை எழுதி, பழையதை முதலில் சுடுங்கள். குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் இருந்தால் நல்ல தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது.

எந்த பிராண்ட் ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். சுடும்போது வழக்கமான சத்தம் வராமல் 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்று போனால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். அறை நண்பருக்கு கிரீன் கார்டு உண்டு. அவருடன் சேர்ந்து ஆளுக்குப் பாதியாகத் தோட்டா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. காசு கொடுத்தது யார் என்பது பிரச்சினையே இல்லை, கையில் இருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். தவறினால் போவது விசா. நண்பரையும் அவருடைய பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு .22 ரைபிள் பழக்குகிறேன். மலிவான மொத்தப் பாக்கெட்டில் பத்துக்கு ஒன்று வெடிக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. .22-ல் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள் பூசப்படுகிறது. அது ஒரு சீராகப் பரவாவிட்டால் வெடிக்காது. மலிவுப் பாக்கெட்டில் இது சகஜம். ஆனாலும் பத்துக்கு ஒன்று அதிகம். சிசிஐ மாதிரி நல்ல பிராண்ட் ஒன்றில் 100 வாங்கிப் பாருங்கள். அதிலும் வெடிக்காவிட்டால் ரைபிளைத்தான் பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும். வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி இருக்கட்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. திரும்பும்போது மகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம்.

கேள்வி: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே ஊருக்குப் போகும்போது கைப்பையாக எடுத்துப் போகலாமா? காலி செய்துவிட்டேன்.

பதில்: வேறு பை வாங்குங்கள். இந்திய விமான நிலையங்களில் பையின் ஓரத்தில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காகப் பயணத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார்ந்தவர்கள் பலர். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். தெரியாமல் கிடந்தது என்று நீதிமன்றம் ஏற்று விடுவிப்பது உண்டுதான், ஆனால் அதற்குள் உங்கள் விடுமுறை முடிந்திருக்கும். காலி செய்துவிட்டேன் என்கிறீர்களே, தையலுக்குள் கிழிந்திருக்கும் அந்தச் சின்னப் பாக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தீர்களா?