ஜாகுவார் இ-டைப், டொயோட்டா 2000 ஜிடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2000 ஜிடி என்பது இ-டைப்பைப் பார்த்துச் செய்த நகல் என்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: இரண்டும் 1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்கள்; இ-டைப் இங்கிலாந்தின் ஜாகுவாருடையது, 2000 ஜிடி ஜப்பானின் டொயோட்டாவுடையது. நீண்ட மூக்கு, பின்னால் சரியும் கூரை, இரண்டே இருக்கை. அந்த உருவம் வரைக்கும் சரி. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் இ-டைப் வந்தபின் அதன் சாயல் படாமல் இப்படியொரு காரை வரைவது யாருக்கும் கடினம்தான். ஆனால் இரண்டையும் ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று பாருங்கள். இ-டைப்பின் நடுப்பகுதி மோனோகாக், அதாவது தனிச் சட்டம் இல்லாமல் பாடியே பாரத்தைத் தாங்கும் அமைப்பு; அதன் முன்னால் போல்ட் போட்டு மாட்டிய குழாய்ச் சட்டத்தில்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். விமானத் தொழிலிலிருந்து வந்த ஜாகுவார் வடிவமைப்பாளர் மால்கம் சேயரின் கை அதில் தெரியும். 2000 ஜிடியிலோ முதுகெலும்பு போல நடுவே ஓடும் ஒரே சட்டம், அதன்மேல் அலுமினிய பாடி. அடிப்படையே வேறு. நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: 3.8 லிட்டர் எஞ்சினுக்கு எதிரே 2 லிட்டர் தாக்குப்பிடிக்குமா?

பதில்: நேர் சாலையில் பிடிக்காது. ஜாகுவார் சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன், டொயோட்டாவுக்கு 150. ஜாகுவாரின் கணக்கு கொஞ்சம் தாராளமானது என்றாலும் அதன் இழுவைக்கு ஈடில்லை; மேல் கியரில் மெதுவாகப் போகும்போது மிதித்தாலும் திணறாமல் ஏறும்.

டொயோட்டாவின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. டொயோட்டாவின் க்ரவுன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு கொண்ட ஹெட்டை யமஹா வைத்தது. காரைக் கட்டியதும் யமஹாதான். 1966 அக்டோபரில் ஜப்பானின் யடாபே சோதனைத் தடத்தில் 78 மணி நேரம் ஓட்டி, மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் சராசரி எடுத்தார்கள். கியர்பாக்ஸிலும் டொயோட்டா ஒரு படி மேல்: ஐந்து கியர். ஆரம்பகால இ-டைப்பில் நான்குதான், அதிலும் முதல் கியருக்கு, உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது. 1964-இல் 4.2 லிட்டர் வந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

கேள்வி: நீண்ட பயணத்துக்கு எது?

பதில்: இ-டைப் கூபே. பின்கதவைத் திறந்தால் பெட்டி வைக்க நல்ல இடம். 2000 ஜிடியின் உயரம் வெறும் 116 செ.மீ.; ஆறடி ஆளுக்கு அது தண்டனை.

கேள்வி: விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: 2000 ஜிடி மொத்தம் 351 கார்கள்தான். இ-டைப் 70,000-க்கு மேல். ஏலத்தில் 2000 ஜிடி 10 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. புதிதாக விற்றபோதே அமெரிக்காவில் அது இ-டைப்பைவிட விலை கூடுதல்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன் இ-டைப் வாங்கப் பார்க்கிறான். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் தரைத்தகடும் துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும். முன்சட்டத்தின் குழாய்களில் விரிசல், துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் போடவே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும் என்பதால், கிளட்ச் வழுக்கினால் அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. அதைத் தொடுவதும் பெரிய வேலை. பாகங்கள் பற்றிக் கவலை வேண்டாம், இங்கிலாந்தில் அநேகமாக எல்லாமே புதிதாகக் கிடைக்கும். வாங்கும் முன் இ-டைப் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடலாம்.