இறக்குமதி அதிகமானால் நாடு திவாலா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறால் கம்பெனிக்குச் சரக்குப் போடும் நண்பருக்கு: ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம் என்கிறார்களே, நாடு திவாலாகிவிடுமா, ரூபாய் சரிந்தால் நம் பாடு என்ன என்று கேட்டிருந்தீர்கள். அது நஷ்டக் கணக்கு இல்லை. 2023-24இல் இந்தியா சுமார் 437 பில்லியன் டாலருக்குச் சரக்கு விற்று, 677 பில்லியனுக்கு வாங்கியது. வாங்கியதில் முதலிடம் கச்சா எண்ணெய்க்கு. உங்கள் விசைப்படகு டீசலும் அதில் அடக்கம். இந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை மென்பொருள் சேவை வருமானமும், வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைக்காரர்களைப் போல வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற பணமும் நிரப்பிவிடுகின்றன. மிச்சத்துக்கு அந்நிய முதலீடு, கடன். அந்த வரத்து வற்றினால்தான் ஆபத்து. 1991இல் தங்கத்தை அடகு வைத்தோமே, அப்படி.

சரி, ரூபாய் சரிந்தால்? இறாலுக்கு டாலரில்தான் விலை, கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம் (கம்பெனிக்காரர் மனசு வைத்தால்). டீசல் ஏறினால் அதையும் கழித்துப் பாருங்கள்.