கேள்வி கேட்கும் மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

பாடத்தில் இல்லாததையெல்லாம் துருவித் துருவிக் கேட்பதால் மகளின் நீட் தயாரிப்பு கெடுகிறது என்று சென்ற வாரம் வருந்தினீர்கள். நாம் பேசிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய், மேசைக்கடியில் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. பேட்டரி தீரத் தீர அந்தச் சத்தம் ஏன் விரைவாகிறது என்று அவள் குனிந்து பார்த்தாள், நீங்கள் "பார்த்தீர்களா?" என்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என் பதில் இது.

தேர்வு முடியும்வரை அந்த ஆவலைப் பூட்டிவைக்கச் சொல்லாதீர்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபர், சரண் ரங்கநாத் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வியைக் காட்டி, அவர்கள் விடைக்காகக் காத்திருந்த விநாடிகளில் தொடர்பே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். விடையை அறியும் ஆவல் மிகுந்திருந்தபோது, விடை மட்டுமன்றி, போகிறபோக்கில் கண்ட அந்த முகமும் கூடுதலாக நினைவில் நின்றது. ஆகவே, உயிரியலில் ஒரு பாடத்தைத் திறக்கும் முன், தனக்கு மெய்யாகவே தெரிந்துகொள்ளத் தோன்றும் ஒரு கேள்வியை நோட்டில் எழுதிவிட்டு அவள் படிக்கட்டும். மற்ற கேள்விகளை அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் அவற்றைத் தேடட்டும்.

"எங்களுக்கு இனி என்ன படிப்பு?" என்றும் நீங்கள் சொன்னீர்கள். எனக்கு உறுத்தியது அதுதான். லண்டனில் டாக்ஸி உரிமம் பெற, நகரின் மையத்திலுள்ள சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அப்படிப் பயின்றவர்களை எலினார் மகுவயரும் கேதரின் வூலெட்டும் தொடர்ந்து ஸ்கேன் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களுக்கு, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வளர்ந்த மனிதரின் மூளையும் உழைப்புக்கு ஏற்ப மாறுகிறது. ஆனால் ஆவல் உழைப்பாக மாற வேண்டும். கைபேசியில் ஒரு காணொளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்களுக்கு அந்நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வாழ்நாள் முழுவதும் மூளைக்கு வேலை கொடுத்தவர்களிடம் ஒரு சேமிப்பு உருவாகிறது என்றும், ஒரு பாதை பழுதானால் மூளை மாற்றுப் பாதையில் சமாளிக்கிறது என்றும் இதனை விளக்குகிறார்கள். இது நோயே வராது என்ற உத்தரவாதம் அன்று. இரத்த அழுத்தத்தையும் செவித்திறனையும் கவனிப்பதும் அதே அளவு முக்கியம்.

மகள் உயிரியலுடன் கணிதமும் படிப்பதால், நீட்டுடன் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கலாம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கைப் பற்றி அடுத்த சந்திப்பில் விரிவாகப் பேசுவோம். வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். யுபிஎஸ் சத்தத்திற்கான காரணத்தை நீங்கள் இருவரும் சேர்ந்தே தேடி அதில் எழுதியிருந்தால் எனக்கு மகிழ்ச்சி.