சீட்டு எண்ணுவதைப் புத்தகத்தில் கற்க முடியுமா?

மன்னார்குடி வாசகர் ஒருவர், பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டு எண்ணும் முறையைப் புத்தகங்களிலிருந்தே கற்க முடியுமா என்றும், தம்மிடமுள்ள 'பீட் த டீலர்' நூலின் 1962ஆம் ஆண்டுப் பழைய பதிப்பிலிருந்து தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், பங்கிடுபவரை மிஞ்சுவதே இந்த ஆட்டம். வந்துபோன சீட்டுகளைக் கவனித்து, மீதியில் பெரிய சீட்டுகள் மிகுதியா என்று கணிப்பதே சீட்டு எண்ணுவது.

கற்கலாம், ஆனால் அந்தப் பதிப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அந்நூலில் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் விளக்கிய முறையில், பத்து மதிப்புள்ள 16 சீட்டுகளையும் மற்ற 36 சீட்டுகளையும் தனித்தனியே குறைத்துக்கொண்டு வந்து விகிதம் பார்க்க வேண்டும். ஒரே கட்டில் ஆடிய காலத்துக்கு அது பொருந்தியது. இன்று பல மேசைகளில் 6 அல்லது 8 கட்டுகள் கலந்திருப்பதால், புதியவருக்கு 'ஹை-லோ' முறையே ஏற்றது. 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று, 7 முதல் 9 வரை சுழி, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றுக்குக் கழித்தல் ஒன்று. வெளிவரும் ஒவ்வொரு சீட்டுக்கும் இப்படிக் கணக்கிட்டு வந்து, எண்ணிக்கை கூட்டலில் ஏறினால் மீதியில் பெரிய சீட்டுகள் மிகுதி என்று பந்தயத்தைக் கூட்டலாம்.

இதற்கும் முன்னால், எந்தக் கையில் சீட்டு வாங்குவது, எதில் நிற்பது என்ற அடிப்படை ஆட்டமுறை மனப்பாடமாக வேண்டும். உங்கள் கையில் 16 இருந்து, பங்கிடுபவர் 6 காட்டினால் நிற்க வேண்டும். 10 காட்டினால் வாங்க வேண்டும்.

பிறகு ஒரு கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி 51ஐயும் ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணுங்கள். கூட்டல் ஒன்றில் முடிந்தால், கவிழ்ந்திருப்பது பெரிய சீட்டு. 5உம் ராஜாவும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் கழிந்துபோகும் என்பதைக் கண்ணே உணரத் தொடங்கும்போது வேகம் தானாக வரும். அரை நிமிடத்துக்குள் முடிப்பது நல்ல இலக்கு. களத்துமேட்டில் 'லாபம், ரெண்டு, மூணு' என்று மரக்கால் அளப்பவர், சுற்றிலும் எத்தனை பேர் பேசினாலும் கணக்கை விடுவதில்லை அல்லவா? அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு வேண்டும். ஆகவே வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போதே பழகுங்கள்.

புத்தகம் கற்றுத்தர இயலாத ஒன்று, மீதமுள்ள கட்டுகளைக் கண்ணால் மதிப்பிடுவது. எண்ணிக்கை கூட்டல் 6, மீதி 3 கட்டுகள் என்றால், ஆறை மூன்றால் வகுத்து வரும் உண்மை மதிப்பு 2 மட்டுமே. இவ்வளவு உழைத்தாலும் கிடைக்கும் அனுகூலம் ஏறத்தாழ ஒரு சதவீதந்தான் என்பதால், குறுவைக்கோ சம்பாவுக்கோ ஒதுக்கிய பணத்தைத் தொடவே கூடாது. கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் ஒவ்வொரு கைக்கும் சீட்டைப் புதிதாகக் கலைப்பதால் அங்கே எண்ணுவது வீண். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்குச் சட்டத் தடையும் உண்டு.

கோவா போன்ற இடங்களில் அமர நேர்ந்தால், முதலில் மேசை விரிப்பைப் படியுங்கள். முதலிரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100 ரூபாய்க்கு 150 தரும் மேசை '3க்கு 2'. 120 மட்டும் தருவது '6க்கு 5'. பின்னதில் உட்கார வேண்டாம், அந்த 30 ரூபாய்க் குறைவே உங்கள் உழைப்பின் பலனை விழுங்கிவிடும்.