வெளி ஏஜென்சியை மேய்க்க ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் மேனேஜர் தேவையா?

"விளம்பரத்தை ஏஜென்சிதான் பார்க்கிறதே, அதற்கு மேல் சம்பளத்துக்கு ஓர் ஆள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கணக்கைப் போட்டு ஒன்றரை வருடம் ஓட்டியவன் நான். ஏற்காட்டில் எங்களுக்கு 12 அறை உள்ள விடுதி. ஏஜென்சி வெளியூர்.

மாதம் பிறந்தால் கலர் கலராக ரிப்போர்ட் வரும். "இந்த மாசம் 210 லீட் சார்" என்பார்கள். லீட் என்றால் விளம்பரம் பார்த்து விசாரித்தவர். அறைச் சாவியோ பாதிக்கு மேல் ஆணியிலேயே தொங்கும்.

கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தோம். ஜவுளிக்கடை ஒன்றுக்கு கூகுள் விளம்பரம் ஓட்டிப் பழகியவர். இன்டர்வியூவுக்கு வந்த எல்லோரிடமும் அந்த ரிப்போர்ட்டைத்தான் நீட்டினேன். மற்றவர்கள் அதைப் படித்து எனக்கு விளக்கினார்கள். இவர் மட்டும், "இது இருக்கட்டும் சார், கூகுள் விளம்பர அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு?" என்றார். ஏஜென்சி பேரில். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சேர்ந்ததும் இரண்டு நாள் ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுத்தார். (இதற்கா சம்பளம் என்று எனக்கு எரிச்சல்.) "எட்டுப் பேர் வர்றோம்ணா, சாயங்காலம் இறங்கிடுவோம், எவ்வளவு ஆகும்?" வந்ததெல்லாம் இந்த ரகம். சேலத்துக்காரர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வீடு. அவர்கள் எதற்கு ராத்திரி தங்கப் போகிறார்கள்? விளம்பரமோ சேலத்தைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்கள் கூகுளில் தேடிய சொற்களின் பட்டியலைத் திறந்தால், 'ஏற்காடு பஸ் டைமிங்' தேடியவர்களின் கிளிக்குக்கெல்லாம் நம் காசு போயிருக்கிறது. 'பஸ்' என்பதை நெகட்டிவ் கீவேர்டில் (இந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் காட்டாதே என்ற பட்டியலில்) போட்டிருந்தாலே நின்றிருக்கும். வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டாலே ஒரு லீட் என்று எண்ணியிருந்தார்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு விளம்பரமே இல்லாமல் அறை நிரம்பிவிடும். அந்த மாதம்தான் செலவு உச்சம். செலவில் இத்தனை சதவீதம் என்றுதானே அவர்களுக்குக் கட்டணம்! அந்தப் பணத்தை ஜூலை, ஆகஸ்ட் வாரநாட்களுக்கு, பெங்களூர் பக்கம் திருப்பினார்.

ஏஜென்சி திருட்டுக் கும்பல் என்று சொல்ல வரவில்லை. சேலத்துக்காரர் ஏற்காட்டில் தங்க மாட்டார் என்று நானும்தான் அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

உங்கள் விளம்பரச் செலவே மாதம் 20,000 என்றால் முழுநேர ஆள் வேண்டாம். வாரத்தில் அரைநாள் வந்து அக்கவுண்டைத் திறந்து பார்ப்பவர் போதும். பொங்கல் வாழ்த்து போஸ்டர் போட ஆள் தேடுகிறீர்கள் என்றால், அது வேறு வேலை.

ஆள் கிடைக்கும்வரை காத்திருக்காமல், அக்கவுண்டை மட்டும் இன்றே உங்கள் பேருக்குக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று.