பாட்டியோடு பப்புக்குப் போகலாமா? டப்ளின் குளிர்காலக் கேள்விகள்

டப்ளினில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் குடும்பத்தோடு நாலைந்து நாள் வரப்போகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மதுரையிலிருந்து: அக்கா, எனக்கு எட்டு வயதில் பையன், பதிமூன்று வயதில் பெண். அயர்லாந்து என்றாலே பப் என்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு இருந்தால் இரவு 9 மணி வரை உட்காரலாம் என்பது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் 10 மணி. பிள்ளைகளே வேண்டாம் என்று வைத்திருக்கும் கடைகளும் உண்டு, அது அவர்கள் விருப்பம். வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

நம் ஊர் பாரை மனதில் வைத்துக்கொண்டு வந்தால்தான் தயக்கமாக இருக்கும். இங்கே பகல் நேரத்துப் பப் என்பது தெருவுக்குப் பொதுவான ஒரு கூடம். ஒரு மூலையில் தாத்தா பேப்பர் படிப்பார், இன்னொரு மேசையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் சூப் குடித்துக்கொண்டிருக்கும். புகை நாற்றமும் கிடையாது. 2004 மார்ச் 29 அன்றே பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்துவிட்டது. நாடு முழுக்க அப்படிச் செய்தது உலகில் முதலில் அயர்லாந்துதான்.

நான் சொல்லும் ஒரே யோசனை இதுதான்: பப்பை ராத்திரிக்கு வைக்காதீர்கள், சாயங்காலத்துக்கு வையுங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டரைக்கு மேல்தான் எழும், நாலு மணி தாண்டியதும் போய்விடும். காலையிலிருந்து மூன்று மணி வரை வெளியே சுற்றுங்கள். காற்றும் தூறலுமாக விரல் மரத்துப்போகும் நேரத்தில் ஒரு பப்புக்குள் நுழைந்தால், ஈரக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரும் அந்தச் சுகத்துக்காகவே குளிர்காலத்தில் வரலாம்.

நங்கநல்லூரிலிருந்து: என் மாமியார் "சாராயக் கடைக்குள்ளே நான் கால் வைக்க மாட்டேன்" என்கிறார். அவரை என்ன செய்வது?

என் அம்மாவும் இதையேதான் சொன்னார். அவருக்கு நான் காட்டியது 'ஸ்நக்'. பழைய பப்களில் வாசல் பக்கமாகவே மரத்தடுப்பும் கதவுமாக ஒரு சின்ன அறை இருக்கும். ஐந்தாறு பேர் முட்டிக்கு முட்டி உட்காரலாம், பார்மேன் ஒரு சின்ன ஜன்னல் வழியாக வேண்டியதைக் கொடுப்பார். பொது இடத்தில் பெண்கள் குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில் பெண்களும், ஆள் கண்ணில் படக்கூடாத பாதிரியார்களும் போலீஸ்காரர்களும் ஒதுங்கிய இடம் அது. பேகட் தெரு டோனர்ஸ், சவுத் ஆன் தெரு கீஹோஸ் இரண்டிலும் ஸ்நக் உண்டு. மதியமே போனால் இடம் கிடைக்கும்.

அம்மா அங்கே ஒரு பானை டீ குடித்தார். பப்பில் டீ கேட்டால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். கின்னஸ் என்ற கறுப்பு பியரைப் பார்மேன் ஊற்றுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். சாய்த்த கிளாஸில் முக்கால் வரை நிரப்பி அப்படியே வைத்துவிடுவார்கள். உள்ளே பழுப்பு நுரை மேலே போகாமல் ஓரமாகக் கீழே வழிவது போலத் தெரியும், மெல்ல மெல்லக் கறுப்பாகும், அப்புறம்தான் மிச்சத்தை ஊற்றுவார்கள். நடுவில் எடுத்துவிடாதீர்கள், அது இன்னும் முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. கழிப்பறைக் கதவில் ஐரிஷ் மொழியில் மட்டும் எழுதியிருக்கலாம். 'ஃபிர்' என்றால் ஆண்கள், 'ம்னா' என்றால் பெண்கள். எம் ஆண், எஃப் பெண் என்று ஆங்கிலக் கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும். அப்பா போட்டார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

சேலத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பப் மதிய உணவில் நமக்குத் தோதானது காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும். கூடவே வரும் வெண்ணெய்க்காகவே இன்னொரு துண்டு ரொட்டி கேட்பீர்கள். சூப்பில் கோழி ஸ்டாக் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மசித்த கோல்கேனன், உருளைக்கிழங்கு அடை மாதிரியான பாக்ஸ்டி இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும். ஆனால் தட்டில் பக்கத்தில் பன்றி இறைச்சி உட்கார்ந்திருக்கலாம். 'காடில்' என்ற பதார்த்தம் வேண்டாம், அது தொத்திறைச்சியும் பேக்கனும் போட்ட குழம்பு. காலை உணவில் 'பிளாக் புட்டிங்' என்பது இனிப்பு இல்லை, ரத்தம் சேர்த்தது. கிறிஸ்துமஸ் மின்ஸ் பை பழம் வைத்ததுதான், ஆனாலும் மாட்டுக்கொழுப்பு சேர்த்திருக்கலாம். பொரித்த மீன் கடைகள் சிலவற்றில் சிப்ஸைக்கூட மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். யோசிக்காமல் சாப்பிட விக்லோ தெருவில் கார்னுகோபியா என்ற பழைய சைவ உணவகம் இருக்கிறது.

பப் சமையலறைகள் சீக்கிரம் மூடிவிடும். எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஏமாறாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: டெம்பிள் பார் பகுதியிலேயே ஹோட்டல் போடலாமா?

வேண்டாம். விடிய விடியச் சத்தம், பியர் விலையும் மற்ற இடங்களைவிட வெகு அதிகம். பகலில் ஒரு முறை நடந்து பாருங்கள், சிவப்பு வண்ணம் பூசிய டெம்பிள் பார் பப் முன்னால் போட்டோ எடுங்கள், நகருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: என் மகள் வயலின் கற்கிறாள். உண்மையான ஐரிஷ் இசை எங்கே கேட்கலாம்?

மேடை போட்டு மைக் வைத்துப் பாடும் இடத்தில் தேடாதீர்கள். 'செஷன்' எங்கே என்று கேளுங்கள், பப்பில் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பதற்கு அதுதான் பெயர். ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் என்ற பப் இதற்குப் பேர்போனது. அதைச் சுற்றி ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது இசைக்கலைஞர்களும் ஊர்க்காரர்களும் வாத்தியங்களோடு தெருவில் ஊர்வலம் போனார்கள். 2021 நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது.

நம் கச்சேரி மாதிரி இவர்கள் சபையைப் பார்த்து உட்கார மாட்டார்கள். மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்து உட்காருவார்கள், பாதிப் பேரின் முதுகுதான் நமக்குத் தெரியும். தங்களுக்காகத்தான் வாசிக்கிறார்கள், நாம் ஓரமாக இருந்து கேட்கிறோம். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஆறு எண்ணிக்கையில் துள்ளினால் ஜிக், நாலில் ஓடினால் ரீல். தாளம் பிடிக்கத் தெரிந்த உங்கள் மகள் பத்து நிமிடத்தில் பிரித்துவிடுவாள். வயலினை இங்கே ஃபிடில் என்பார்கள், வாத்தியம் அதேதான். ஆட்டுத்தோல் போட்ட கைமேளம் பௌரான். துருத்தியை முழங்கையால் அமுக்கி வாசிப்பது இலியன் பைப். ஐரிஷ் மொழியில் இலியன் என்றாலே முழங்கைதான். 2017-இல் அதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள், அது பின்னால் வரும் ஒரு வாசிப்பாளருக்கு. யாராவது வாத்தியமில்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துங்கள், பார்மேனே கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிடுவார். ராத்திரி செஷன்கள் 9 மணிக்குச் சூடுபிடிக்கும், அப்போது பிள்ளைகள் கிளம்பியாக வேண்டும். அதனால் வார இறுதியில் மதியமே தொடங்கும் செஷனைப் பாருங்கள்.

பெங்களூருவிலிருந்து: ஷெங்கன் விசா இருக்கிறது, போதுமா?

போதாது. அயர்லாந்து ஐரோப்பிய யூனியனில் உண்டு, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். பிரிட்டிஷ் குறுகிய கால விசாவில் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு இங்கே வர ஒரு சலுகைத் திட்டம் இருக்கிறது, டிக்கெட் எடுக்கும் முன் அயர்லாந்துக் குடிவரவுத் துறையின் தளத்தில் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போனால் எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனால் அது வட அயர்லாந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. விசா இல்லாமல் போகாதீர்கள்.

துபாயிலிருந்து: டிசம்பர் 25 அங்கே இருக்கிற மாதிரி வரலாமா? ஊரே கொண்டாட்டமாக இருக்குமே?

கொண்டாட்டம் வீட்டுக்குள். அன்றைக்கு விமான நிலையமே மூடியிருக்கும், பஸ், டிராம், ரயில் எதுவும் ஓடாது, பப்களும் பூட்டு. தங்கும் இடத்திலேயே சாப்பாடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாண்டிகோவில் ஃபார்ட்டி ஃபுட் என்ற பாறைத்துறையில் அன்று காலை ஐஸ் மாதிரித் தண்ணீரில் குதிப்பவர்களைப் பார்க்கலாம், டாக்சி பிடிக்க முடிந்தால். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசி. கூட்டம் குறைவு, டெம்பிள் பார் பக்கம் பாரம்பரிய இசைவிழாவும் அப்போதுதான்.

கோவையிலிருந்து: பனி விழுமா?

டப்ளினில் அபூர்வம். மழையும் காற்றும்தான். குடை வேண்டாம், காற்று பிடுங்கிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துவாருங்கள்.

திருச்சியிலிருந்து: மழை நாளில் பையன்களை எங்கே கூட்டிப்போவது?

கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகம், இலவசம். கரிச்சேற்றுச் சதுப்பில் அழுகாமல் கிடந்த, 2,000 வருடத்துக்கும் மேற்பட்ட மனித உடல்கள் அங்கே இருக்கின்றன. ஒருவர் தலையில் தாவர எண்ணெயும் பைன் பிசினும் குழைத்துப் பூசி முடியைத் தூக்கி வாரியிருந்தார். "அப்பவே ஜெல்லா?" என்று என் மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பயப்படும் பிள்ளைகளை டப்ளின் கோட்டையில் பழைய சுவடிகளும் ஓவியங்களும் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், அதுவும் இலவசம்.

வானம் தெளிந்த ஒரு நாளை நியூகிரேஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு, டப்ளினிலிருந்து சுமார் 50 கி.மீ. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில காலைகளில் மட்டும் உதயச் சூரியன் வாசலுக்கு மேலுள்ள துளை வழியாக உள்ளறைவரை வரும், பதினேழு நிமிடம் போல நிற்கும். அதைப் பார்க்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாட்களில் விளக்கை அணைத்து மின்வெளிச்சத்தில் அதையே காட்டுகிறார்கள். வழி குறுகல், குனிந்துதான் போக வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் யோசியுங்கள்.

ஈரோட்டிலிருந்து: பப்பில் டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

கவுண்டரில் வாங்கினால் ஒன்றும் வேண்டாம். மேசைக்கு வந்து பரிமாறினால் பத்து சதவீதம். உள்ளூர்க்காரர் யாராவது உங்களுக்கும் சேர்த்து ஒரு ரவுண்டு வாங்கிவிட்டால் அடுத்த ரவுண்டு உங்களுடையது, ஜூஸ்தான் குடித்தீர்கள் என்றாலும்.