அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 500 டாலருக்கு வீடு ஏலம் விடுகிறார்களாம், சிங்கப்பூரில் இருந்தபடியே வாங்கலாமா?

வாங்காதீர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், இங்கே இரண்டாவது வீடு என்றாலே வாங்கும்போது கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை பயமுறுத்தும், அங்கே முழு வீடே கைத்தொலைபேசி விலைக்குக் கிடைக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். முழு வீடே இவ்வளவு மலிவா என்று 2012இல் எனக்கும் தோன்றியது.

டெட்ராய்ட் வீடுகளை இங்கே விற்ற ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனவர் என் மைத்துனர். ஹோட்டல் அறை, பெரிய திரை, திரையில் ஒரு செங்கல் வீடு. மூன்று படுக்கையறை, 38,000 அமெரிக்க டாலர், மாத வாடகை 650, ஆள் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்றார்கள். விற்றவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. வாங்கினேன். ஏழு மாதம் வாடகை வந்தது. அப்புறம் மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் இல்லை.

2013 நவம்பரில், டெட்ராய்ட் பக்கம் ஆன் ஆர்பரில் படித்துக்கொண்டிருந்த நண்பரின் மகள் எனக்காகப் போய்ப் பார்த்துப் படம் அனுப்பினாள். சன்னல்களில் பலகை அடித்திருந்தது. சுவரைப் பிளந்து செம்புக் குழாய்களை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். கதவுக் கைப்பிடியில் மழையில் நனைந்து வெளுத்த ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கருவூலத்தின் அறிவிப்பு: 2011ஆம் ஆண்டு வரியே இன்னும் கட்டவில்லை, கட்டாவிட்டால் வீடு பறிபோகும். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தாராம். கோடை முழுவதும் என் வீட்டு வாசல் புல்லை அவர்தான் வெட்டியிருக்கிறார். ஆளில்லாத வீடு என்று தெரிந்தால் திருடன் வருவான், தீ வைப்பான், அடுத்தது தன் வீடுதான் என்ற பயம். "இந்த வீட்டுக்காரர் யார், உனக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கைவிடப்பட்ட வீடு என்று செய்தியில் சொல்கிறார்களே, அதைக் கைவிட்டவன் நான்தான்.

அந்த 500 டாலர் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். மிச்சிகன் மாநிலத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டு வரியைக் கட்டாவிட்டால் அடுத்த மார்ச்சில் பாக்கி கவுண்டி கருவூலத்துக்குப் போகும். அதற்கடுத்த மார்ச் முதல் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. அதற்கும் அடுத்த மார்ச் 31க்குள் கட்டாவிட்டால் வீடு கவுண்டிக்குச் சொந்தம். இதில் கவுண்டிக்கு நஷ்டமில்லை. கடன் வாங்கி நகரத்துக்கு வரிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வட்டியும் கட்டணமும் சேர்த்து வீட்டுக்காரரிடம் வசூலிக்கும். வீட்டைப் பறித்த பிறகு முதல் ஏலத்தில் பாக்கித் தொகைதான் தொடக்க விலை. அதற்கும் ஆள் வராவிட்டால் அந்த ஆண்டுகளில் அக்டோபரில் 500 டாலரிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆக, 500 என்பது வீட்டுக்கு யாரும் போட்ட மதிப்பு இல்லை. கையைவிட்டுப் போனால் போதும் என்று வைக்கும் தொகை.

வரிக்காக வீட்டுக்கு மதிப்பு போட்ட லட்சணம் இன்னும் மோசம். சட்டப்படி சந்தை விலையில் பாதிக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் 2008க்குப் பிறகு விலைகள் சரிந்தபோது டெட்ராய்ட் நகரம் மதிப்பை அந்த அளவுக்குக் குறைக்கவே இல்லை. நகரம் முழுவதும் மறுமதிப்பீடு செய்து முடித்தது 2017இல்தான். நகரமே 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவாலாகி நின்றது. வருமானம் போய்விடும் என்று மதிப்பைக் குறைக்க மனம் வராது, குறைக்காததால் மக்களால் கட்ட முடியாது, கட்டாததால் வீடு பறிபோகும், வீடு காலியானால் தெருவே விலை இறங்கும். காசுக்குக்கூடப் பெறாத என் வீட்டுக்கும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் வரி. கட்டாத தண்ணீர்க் கட்டணத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். மொத்தம் 7,000 டாலர். நான் கட்டவில்லை.

'பேராசை பெருநஷ்டம்' என்று சிலர் கீழே எழுதுவார்கள். எழுதட்டும். வரிப் பாக்கியைக் கருவூலத்தின் இணையப்பக்கத்தில் மனை எண்ணை வைத்து வாங்கும் முன்பே பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. அது என் தவறு. ஆனால் பேராசைக்காரர்கள் மட்டும் வீட்டை இழக்கவில்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய ஓக்லாண்ட் கவுண்டியில் ஒரு முதியவர் 8.41 டாலர் வரி பாக்கி வைத்தார். இங்கே தேக்கா சந்தையில் ஒரு பிரியாணிக்கு ஆகும் காசு! அதற்காக அவர் வீட்டை 24,500 டாலருக்கு விற்று மிச்சத்தையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அது தவறு என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆகிவிட்டது.

இங்கே நிலைமை வேறு. ஜனவரி 31க்குள் சொத்து வரி கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம். அதற்கும் அசையாவிட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையம் உங்கள் வங்கியிடமே பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். மதிப்பும் ஆண்டு வாடகையை வைத்துத்தான், ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். 2014 முதல் வீடு காலியாகக் கிடந்தாலும் வரிச் சலுகை கிடையாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனருக்கு இன்றும் வீவக வீடு, அதாவது அரசாங்கம் கட்டித்தரும் அடுக்குமாடி வீடு, என்றால் இளக்காரம். "99 வருஷக் குத்தகை, அது உன் வீடே இல்லை" என்பார். கேலாங் லோரோங் 3இல் 191 தனியார் வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பரோடு முடிந்து, இழப்பீடு இல்லாமல் அரசுக்குத் திரும்பியபோது என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். முடிவு தேதி முதல் நாளே தெரிந்த குத்தகை அது. அவர் பேச்சைக் கேட்டு நான் வாங்கியது ஃப்ரீஹோல்ட், குத்தகைக் காலமே இல்லாத முழு உரிமை. இரண்டு வருடம் தாங்கவில்லை. அதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் வீட்டை அந்த 500 டாலர் ஏலத்திலும் யாரும் எடுக்கவில்லை. யாரும் எடுக்காத வீடுகளை ஏற்றுக்கொள்ளும் நகரத்தின் நில வங்கி என்ற அமைப்புக்குப் போய், பிறகு இடித்துவிட்டார்கள். ஒட்டிய காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த நில வங்கி 100 டாலருக்குக் கொடுப்பதுண்டு. போன வருடம் கூகுள் தெருப்படத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவின் வீடு அப்படியே இருக்கிறது. இரண்டு மனைகளையும் சுற்றி ஒரே வேலி. உள்ளே புல் ஒரே சீராக வெட்டியிருந்தது.